சூடு ஏறாத வண்டி

— அதில்ல டாக்டரம்மா, என் காலுக்கு மேல என்னமோ பச்சையா கண்ணச் சிமிட்டுதே, அதத்தான் கேட்டேன்.

— அதுதான் நான் போன்ல சொன்ன டப்பா. தீப்பெட்டி அளவுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கு. அதுல சொருகிட்டா இஞ்சினுக்குள்ள நடக்கிறதெல்லாம் இந்தப் போன்ல வந்துடும். முட்டிய இடிச்சிடாதீங்க.

— ஒன்பது வருஷம் இந்த வண்டிய ஓட்டியிருக்கேன். இங்க ஒரு சாக்கெட் இருக்கிறதே தெரியாது பாருங்க.

— எனக்கு மட்டும் தெரியுமா? ஆபீஸ் ஏலத்துல எடுத்து எட்டு வருஷமாச்சு. போன மாசம் மெக்கானிக் சொல்லித்தான் தெரியும். சரி, கிளப்புங்க.

— நானா?

— பின்ன, உங்கள வரச்சொல்லிட்டு நானா ஓட்டுவேன்? மாட்டு டாக்டர் ஓட்டுனா வண்டியும் மாடு மாதிரிதான் போகும்னு நீங்கதானே சொன்னீங்க.

— அத இன்னுமா ஞாபகம் வச்சிருக்கீங்க? இருங்க, சீட்டப் பின்னாடி தள்ளிக்கிறேன். ஸ்டீயரிங்கக் கட்டிப் புடிச்சிட்டு ஓட்டுவீங்க போல.

— ரோடு தெரிய வேணாமா?

— தெரியணும், தெரியணும். பாருங்க, சாவிய லேசா இடதுபக்கம் அழுத்தித் திருப்பணும். பன்னெண்டு வருஷம் கழிச்சும் கை மறக்கல.

— முதல் தடவையிலயே புடிச்சிடுச்சே. எனக்கு மூணு தடவ ஆகும்.

— ஆளு யாருன்னு அதுக்குத் தெரியும். எந்தப் பக்கம் போகட்டும்?

— நேரா போங்க. பாலம் தாண்டி சொல்றேன்.

— பழைய பால்பண்ணைப் பாலமா? அந்த வளைவுல மண்ணா கிடக்கும், ரெண்டாவது கியர்லதான் ஏறணும்.

— இப்ப தார் போட்டுட்டாங்க. நீங்க பாட்டுக்கு மூணாவதுலயே ஏறலாம்.

— ம். அதுவும் போச்சா. போன்ல என்ன நாலு வட்டம் சுத்துது?

— சரியா சொல்லணும்னா, முதல் வட்டம் வேகம். ரெண்டாவது இஞ்சின் எத்தன சுத்து சுத்துதுன்னு. மூணாவது சூடு. நாலாவது, இப்ப இந்த நொடியில லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர் போறோம்னு.

— இந்த நொடியிலயா? அட. நான் கால எடுத்தா?

— எடுத்துப் பாருங்க.

— எடுத்துட்டேன்.

— முப்பது காட்டுது. இப்ப அழுத்துறீங்க, ஆறுக்கு இறங்கிடுச்சு. நீங்க என்ன பண்ணுனாலும் இது போட்டுக் குடுத்துடும்.

— நல்ல வேளை, அந்தக் காலத்துல இது இல்ல. நீங்க அவசரம் அவசரம்னு பின்னாடி உக்காந்து குதிச்ச குதிக்கு, ஆறுக்கு மேல ஏறியிருக்காது.

— அவசரம்னா அவசரம்தானே. கன்னுக்குட்டி வயித்துல குறுக்க மாட்டிக்கிட்டிருக்குன்னு ஆள் வந்து நிப்பாங்க. நீங்க நிதானமா கண்ணாடி தொடச்சிக்கிட்டிருப்பீங்க.

— கண்ணாடி தெரிஞ்சாத்தானே போய்ச் சேர முடியும். அந்தக் கன்னுக்குட்டிய சொல்லுங்க, பின்சீட்டுல ஏத்திட்டு வந்தமே.

— தாய் செத்துப் போச்சே, அதுவா?

— அதேதான். மழையில நனைஞ்சு நடுங்குதுன்னு என் யூனிபார்ம் சட்டையக் கழட்டிப் போத்துனீங்க. நான் பனியனோட ஓட்டிட்டு வரேன். ஆபீஸ் வாசல்ல பெரிய அதிகாரி நிக்கிறாரு. என்னப் பாக்குறாரு, சட்ட போட்ட கன்னுக்குட்டியப் பாக்குறாரு.

— ஒண்ணுமே கேக்கலியே அவரு.

— எதக் கேக்குறதுன்னு புரிஞ்சிருக்காது. சீட்டுல அந்த வாசன ஆறு மாசம் போகல.

— இன்னும் போகல. மழைக்காலத்துல லேசா வரும். நான் மாத்தவே இல்ல சீட்ட.

— பாருங்க.

— இன்னொரு நாள் ஞாபகம் இருக்கா? ஒரு பண்ணையில ராத்திரியெல்லாம் பாத்தும் காப்பாத்த முடியாம, காலையில வண்டியில வந்து உக்காந்து அழுதேன்.

— ம்.

— டயர்ல காத்து பாக்குறேன்னு இறங்கிப் போயிட்டீங்க. நாலு டயருக்கு முக்கா மணி நேரம்.

— ஸ்டெப்னியோட அஞ்சு டயர் டாக்டரம்மா.

— சரி, அஞ்சு. அதுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு அப்பவே நினைச்சேன். சொல்லல.

— அது கெடக்கட்டும். பாலம் தாண்டிட்டோம், இப்ப எங்க?

— வலது பக்கம். டிரைவர், அந்த மூணாவது வட்டத்தப் பாருங்க. என்ன காட்டுது?

— அறுபத்தெட்டு.

— கிளம்பி எவ்வளவு நேரமாச்சு?

— இருபது நிமிஷம் இருக்கும்.

— இருபது நிமிஷத்துல தொண்ணூறுக்கு வந்திருக்கணும். இது அறுபத்தெட்டத் தாண்டாது. நான் ஒரு மாசமா பாக்குறேன். மேட்டுல ஏறுனா மட்டும் எழுபத்தி ரெண்டு, உடனே இறங்கிடும்.

— தெர்மோஸ்டாட்.

— மெக்கானிக்கும் அதத்தான் சொன்னாரு. எனக்குப் புரியிற மாதிரி சொல்லச் சொன்னேன். இஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கிற சின்னக் கதவாம். அது தொறந்தபடியே மாட்டிக்கிட்டா இஞ்சின் எப்பவும் ஆறிக் கிடக்கும். ஆறிக் கிடக்குதேன்னு வண்டியே கூடக் கொஞ்சம் பெட்ரோல ஊத்திக்கும்.

— ஆமா, அப்பத்தான் விடிஞ்ச மாதிரி நினைச்சிக்கிட்டே நாள் பூரா ஓடும். ஏன் இன்னும் மாத்தல? அரை நாள் வேலைதானே.

— நீங்க ஒரு தடவ உங்க கண்ணால பாக்கணும்னு விட்டு வச்சேன்.

— நான் பாத்து என்ன ஆகப்போகுது?

— என் பையில ஒரு நோட்டு இருக்கு. ஏலத்துல வண்டியோட சேத்துக் குடுத்த பழைய காகிதக் கட்டுல இருந்துச்சு. எட்டு வருஷம் பிரிச்சே பாக்கல. இந்த அறுபத்தெட்டப் பாத்த பிறகுதான் பிரிச்சேன். உங்க கையெழுத்து. படிக்கிறேன், கேளுங்க. ‘சூடு முள் ஏறவில்லை. பார்க்கவும்.’ அடுத்த மாசம், ‘சூடு முள் ஏறவில்லை. வண்டி பெட்ரோல் அதிகம் குடிக்கிறது.’ அதுக்கடுத்த மாசமும் அதே. மூணுக்கும் கீழ என் கையெழுத்து இருக்கு.

— தினம் நூறு காகிதத்துல போட்டீங்க. அதுல இதுவும் ஒண்ணு.

— படிக்காம போட்டேன். நாலாவது மாசம், லிட்டருக்கு பதினாலு குடுத்த வண்டி எப்படி எட்டு குடுக்கும்னு மேலிடத்துலேர்ந்து கேட்டாங்க. டிரைவர் மேல சந்தேகம் இருக்குன்னு எழுதிக் குடுத்தேன். அந்த ஒரு வரியில உங்க வேலை போச்சு.

— போச்சு. பிறகு ஸ்கூல் வேன் ஓட்டுனேன், இரும்புக்கடை லாரி ஓட்டுனேன். சோறு திங்காம இல்ல.

— திருட்டுப் பட்டத்தோட.

— பட்டத்த யாரு பாக்குறா டாக்டரம்மா. வீட்டுல அவதான் இன்னும் விடல. இன்னிக்கி உங்களப் பாக்கக் கிளம்புறேன்னு சொன்னதுக்கு, காபி டம்ளர டொக்குன்னு வச்சிட்டு உள்ள போயிட்டா.

— பன்னெண்டு வருஷமா திட்டுறாங்களா?

— நாள் தவறாம. ‘பச்ச மண்ணு மாதிரி மனுஷன், அந்தாளு மேல போய் பழியப் போட்டாளே’ன்னு ஆரம்பிப்பா. அப்புறம் நீங்க வைத்தியம் பாத்த மாட்டையெல்லாம் இழுப்பா.

— திட்டட்டும். தப்பில்ல. அந்தப் பெட்டிக்கட பக்கத்துல இடது பக்கம் திரும்புங்க.

— இது ஆபீஸ் ரோடாச்சே.

— ஆபீஸுக்குத்தான் போறோம்.

— எதுக்கு?

— பதினோரு மணிக்கு வரச்சொல்லியிருக்காரு, இப்ப இருக்கிற அதிகாரி. நோட்டு எங்கிட்ட இருக்கு. ஒரு மாசமா இந்த டப்பா எழுதி வச்சதெல்லாம் இருக்கு. நான் ஒரு கடுதாசி எழுதியிருக்கேன். தப்பு என்னோடது, டிரைவர் மேல குத்தம் இல்லன்னு. உங்க பேர் சரியாகும். நிறுத்தி வச்ச பென்ஷனுக்கும் வழி இருக்குன்னு அவரே சொன்னாரு.

— வேணாம்.

— என்ன வேணாம்?

— இப்படி மரத்தடியில கொஞ்சம் நிறுத்துறேன்.

— ஆபீஸ் கேட் தெரியுதே, உள்ளயே போயிடலாம்.

— இருங்க டாக்டரம்மா. இங்கதானே எப்பவும் நிப்பேன். நீங்க பைய எடுத்துக்கிட்டு வருவீங்க, ரப்பர் பூட்ஸ மறந்துட்டுத் திரும்ப ஓடுவீங்க. நான் வேலைக்கு வந்த புதுசுல இந்த மரம் என் இடுப்பு உயரம்.

— பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தல. நீங்களும் ரிட்டயர் ஆயிட்டீங்க, எனக்கும் முட்டி போயிடுச்சு. நல்ல நாளெல்லாம் பேசிக்கிட்டே வந்தோம். இப்படியே திரும்பிப் போயிடுவோம். கெடக்கட்டும் விடுங்க.

— கெடக்கட்டும்னு விட என்னால முடியல. உங்களுக்கு என் மேல கோபமே இல்லயா?

— இல்ல.

— ஏன் இல்ல? எனக்கு அதுதான் தாங்கல. நாலு வார்த்த திட்டிட்டாவது உள்ள வாங்க.

— வண்டிய இன்னும் அணைக்கல. போன்ல மொத்தத்துக்கு என்ன காட்டுதுன்னு பாருங்க. இந்த நொடி இல்ல, ஒரு மாசத்துக்கு.

— லிட்டருக்கு பதினொன்னரை.

— புதுசுல பதினாலு. அந்தச் சின்னக் கதவு மாட்டிக்கிட்டு, வயசும் ஆகி, இப்ப பதினொன்னரை. அன்னிக்கி நோட்டுல எட்டு.

— அன்னிக்கி ரோடெல்லாம் மோசம். மழை வேற. பண்ணை பண்ணையா நின்னு நின்னு போனோம். இஞ்சின அணைக்காமயே காத்திருப்பீங்க. எட்டுதான் வரும்.

— நான் இஞ்சின அணைக்காம காத்திருந்ததே இல்ல டாக்டரம்மா. உங்களுக்கே தெரியும்.

— தெரியல. எனக்கு எதுவும் சரியா ஞாபகம் இல்ல. நான் பண்ணுன பெரிய தப்பு கணக்கு இல்ல டிரைவர். ஒன்பது வருஷம் எனக்கு வண்டி ஓட்டுன மனுஷன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேக்காம எழுதிட்டேன். அதுதான் என்னத் தின்னுது.

— கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கிறீங்க?

— நோட்டக் காட்டியிருப்பீங்க. முள் ஏறலன்னு எழுதியிருக்கேன் பாருங்கன்னு.

— நானும் பன்னெண்டு வருஷமா அதத்தான் யோசிக்கிறேன். நீங்க கூப்பிட்டு, கதவச் சாத்திட்டு, என் மூஞ்சியப் பாத்துக் கேப்பீங்கன்னு ஒரு வாரம் இந்த மரத்தடியிலயே நின்னேன். நீங்க வரல. கடுதாசிதான் வந்துச்சு.

— மன்னிச்சிடுங்க.

— மன்னிப்பு வேணாம். இப்ப கேளுங்க.

— எத?

— அன்னிக்கிக் கேக்க வேண்டியத.

— வேணாம் டிரைவர்.

— கேளுங்க டாக்டரம்மா. இஞ்சின அணைச்சிட்டேன். ஒரு சத்தமும் இல்ல, தெளிவா கேக்கும்.

— பெட்ரோல நீங்க எடுத்தீங்களா?

— வண்டி குடிச்சது கொஞ்சம், ரோடு குடிச்சது கொஞ்சம். மீதிய நான் எடுத்தேன்.