பெயர் வேண்டாம் என்றவர்

சரணியா: ...உடுப்பு என்ன, எழும்பி ஓடப்போகுதே? வந்து காயப்போடலாம்.

கீர்த்தனன்: முழுக் கட்டடத்துக்கும் ஒரு மிஷின், இண்டைக்கு எங்கடை முறை. பின்னேரம் வாஷிங் அறையைப் பூட்டித் திறப்பைக் கீழ்வீட்டு மனுசியிட்டைக் குடுக்கவேணும். பிந்தினால் கதவிலை கடுதாசி ஒட்டிப்போடும்.

சரணியா: பெண்சாதியின்ரை புத்தக வெளியீட்டுக்கு வராமல் வாஷிங் மிஷினுக்குக் காவல் இருக்கிற ஒரே புருசன் நீங்கள்தான். இஞ்சை பாடனிலை இருந்து சூரிச் என்ன, கனடாவோ?

கீர்த்தனன்: நீர் போம். உமக்குத்தானே மாலை.

சரணியா: மாலையோ? சீஸும் வைனும்தான். அம்மா வடை சுட்டுக்கொண்டு வாறாவாம். வேண்டாமெண்டு சொல்லியும் கேக்கிறா இல்லை.

கீர்த்தனன்: அப்ப உம்மடை புத்தகத்து நாயகன் ஜோன் பெல்லுக்கு வடையும் கிடைக்குது. குடுத்துவைச்ச மனுசன்.

சரணியா: பகிடியை விட்டிட்டு, நான் பேசப்போறதை ஒருக்காக் கேளுங்கோவன். முதல், அந்தக் கணித மேதை முந்நூத்தைம்பது வருசத்துக்கு முந்தி இங்கிலாந்துத் தூதராய்ச் சூரிச்சுக்கு வந்தது. பிறகு, வெள்ளிக்கிழமையிலை இஞ்சத்தை மனுசன் ஒருத்தருக்கு அல்ஜீப்ரா படிப்பிச்சது. அந்த மாணவன் புத்தகம் போட்டது. கோட்டுக்கு மேலை ஒரு புள்ளி, கீழை ஒரு புள்ளி... அந்த வகுத்தல் குறி முதல் முதல் அச்சிலை வந்தது அதிலைதான் எண்டு...

கீர்த்தனன்: தெரியும்.

சரணியா: தெரியும்தானே. எனக்கே நீங்கள்தான் சொன்னனீங்கள்.

கீர்த்தனன்: ஓம், நான்தான்.

சரணியா: என்ன?

கீர்த்தனன்: ஒண்டுமில்லை. சொல்லும்.

சரணியா: பிறகு, பெரிய கணிதக்காரர் ஒய்லர். பெல் செய்யாத சமன்பாட்டுக்கு ஆள்மாறிப் பெல்லின்ரை பேரை வைச்சது. செய்ததுக்குப் பேரில்லை, செய்யாததுக்குப் பேர்! எல்லாரும் சிரிப்பினம்.

கீர்த்தனன்: அது என்ரை பகிடி.

சரணியா: ஓமப்பா, உங்கடைதான். எடுத்துவிடட்டோ?

கீர்த்தனன்: வேண்டாம். நீர் சொன்னால் சனம் சிரிக்கும். நான் வகுப்பிலை சொல்ல, பிள்ளையள் கொப்பியிலை எழுதுதுகள்.

சரணியா: ஐயோ பாவம்... சரி, முடிவைக் கேளுங்கோ. அந்தப் புத்தகத்திலை தன்ரை பேர் வேண்டாமெண்டு பெல்லே சொல்லிப்போட்டார். முகவுரையிலை பெரிய படிப்பாளி ஒருவர் எண்டு மட்டும்தான் கிடக்கு. எவ்வளவு பெருந்தன்மை எண்டு சொல்லி முடிக்கிறன்.

கீர்த்தனன்: பெருந்தன்மையோ?

சரணியா: பின்னை?

கீர்த்தனன்: அந்தாள் வாழ்நாள் முழுக்க எழுதத் துவங்கினதுதான், முடிச்சது குறைவு. பெட்டி பெட்டியாய்க் கடுதாசி. மற்றவன் வந்தான், இருந்து கேட்டான், போய் எழுதி முடிச்சிட்டான். அவன்ரை புத்தகத்திலை ஒரு மூலையிலை போய் நிக்க ஆருக்கு மனம் வரும்?

சரணியா: அப்ப... பொறாமை எண்டுறியளோ?

கீர்த்தனன்: வெளியிலை இருந்து பாத்தால் ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

சரணியா: அதுக்கு ஒரு ஆதாரமும் இல்லையே.

கீர்த்தனன்: இல்லை.

சரணியா: பிறகெப்பிடி இவ்வளவு உறுதியாய்...

கீர்த்தனன்: தேத்தண்ணி ஆறுது. குடியும்.

சரணியா: இஞ்சை பாருங்கோப்பா. நீங்கள் வருசக்கணக்காய்த் தேடினதை வைச்சுத்தான் நான் எழுதினனான். அட்டையிலை ரெண்டு பேரையும் போடுவமெண்டு கேட்டனான்தானே?

கீர்த்தனன்: கேட்டனீர்.

சரணியா: எழுதினது நீர், பேரும் உமக்குத்தான் எண்டனீங்கள். அம்மா அழுதே போட்டா, இப்பிடியும் ஒரு மருமோனோ எண்டு.

கீர்த்தனன்: அதுதான்... அதுதான் வரேலாமல் கிடக்கு. முன் வரிசையிலை என்னை இருத்தி, நல்ல மனுசன், நல்ல மனுசன் எண்டுவினம். அது நல்ல மனம் இல்லை, சரணியா. உம்மடை முதல் அதிகாரத்தை வாசிச்சன். அதிலை ஒரு பக்கம்கூட நான் எழுதியிருக்க ஏலாது. அதுக்கு மேலை என்ரை பேரும் கிடந்தால்... நான் ஒவ்வொரு நாளும் அதைப் பாக்கவேணும்.

சரணியா: தெரியும்.

கீர்த்தனன்: தெரியுமோ? எப்பவிருந்து?

சரணியா: நீங்கள் வேண்டாமெண்ட அண்டைக்கே. உங்கடை முகத்திலை கிடந்தது.

கீர்த்தனன்: பிறகேன் பேசாமல் இருந்தனீர்?

சரணியா: இன்னொருக்காக் கேட்டிருந்தால் நீங்கள் ஓமெண்டிருப்பியள்... எனக்கு அட்டையிலை என்ரை பேர் தனிய நிக்கவேணும் போல இருந்தது.