காப்பிக்கலரும் மெரூனும்

அக்கா: ஸ்டூல் ஆடுதுடா, பாத்து ஏறு.

தம்பி: பல்ப் நல்லாத்தானே எரியுது? இதையா கழட்டச் சொல்ற?

அக்கா: கழட்டுன்னா கழட்டு. கண்ணு கூசுது.

தம்பி: நாலு மாசமா கூசாத கண்ணு இப்ப கூசுதாக்கும்?

அக்கா: அது கிடக்கட்டும்... வேலை நேரத்துல நீ என்ன கூப்பிட்டதும் வந்து நிக்கற? வயரிங் எதுவும் இல்லையா?

தம்பி: இன்னைக்கு லீவு.

அக்கா: நேத்தும் லீவுன்னு உன் பொண்டாட்டி சொன்னா.

தம்பி: அவ கிடக்கறா... நீ பேச்ச மாத்தாத. தையல் மெஷினுக்கு எதுக்குப் போர்வை?

அக்கா: அதுக்குக் குளிருதாம்.

தம்பி: அக்கா...

அக்கா: தைக்கறத விட்டுடலாம்னு இருக்கேன்டா.

தம்பி: என்னது!

அக்கா: ஸ்கூல் யூனிஃபார்ம் தைச்சேன்ல... காப்பிக்கலர் பாவாடை, முப்பது. முப்பதுலயும் மெரூன் நூல ஓட்டித் தொலைச்சிருக்கேன். டீச்சரம்மா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு மூட்டையோட திருப்பிக் குடுத்துட்டாங்க. வாசல்ல வச்சுப் பாத்தா எனக்கே பளிச்சுனு தெரியுது. உள்ள வந்து உக்காந்தா ரெண்டும் ஒண்ணு...

தம்பி: யார்கிட்டயாவது சொன்னியா?

அக்கா: சொல்லி? மெஷின வித்துடும்பாங்க. இருபது வருஷமா இந்தக் கண்ண நம்பித்தானடா என் பொழப்பே. பயமா இருக்கு.

தம்பி: இரு, இரு. அந்த நூலக் குடு. துணியையும் குடு... ஐயையோ!

அக்கா: என்னடா?

தம்பி: எனக்கும் ஒண்ணாத்தான் தெரியுது.

அக்கா: என்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்லாத.

தம்பி: சத்தியமாக்கா! பொறு, கரண்டு வருதான்னு பாக்கறதுக்குப் பையில ஒரு குண்டு பல்ப் வச்சிருக்கேன். அத மாட்டறேன்... ம், இப்ப பாரு.

அக்கா: அட... இது வேற, அது வேற!

தம்பி: குண்டு பல்புல கம்பி பழுக்கக் காஞ்சு எரியுது. சிவப்ப அள்ளிக் கொட்டும். ஆனா தின்னுற கரண்டுல முக்காவாசிக்கு மேல சூடாவே போயிடும்.

அக்கா: அப்ப நீ கழட்டின அந்த எல்.இ.டி?

தம்பி: அதுல கம்பியே கிடையாது. கடுகளவு சில்லு. அதுலேருந்து வர்றது நீல வெளிச்சம். மேல மஞ்சளா ஒரு பூச்சு பூசி வெள்ளையாக்கறாங்க. அந்தப் பூச்சு மட்டமா இருந்தா வெளிச்சத்துல சிவப்பு குறைஞ்சிடும். சிவப்பே இல்லாதப்ப மெரூன் எப்படி மெரூனா தெரியும்? தெரிஞ்ச விஷயம்... எனக்கு உறைக்கலயே!

அக்கா: அப்ப என் கண்ணு?

தம்பி: கழுகுக் கண்ணு. போர்வைய எடு.

அக்கா: அப்பாடா... வயித்துல பால வார்த்தடா. இந்தக் குண்டு பல்பே இருக்கட்டும்.

தம்பி: வேணாம், வெந்துடுவ. நிறத்தச் சரியா காட்டுற எல்.இ.டியும் இருக்கு. நாளைக்கு மாட்டிடறேன்.

அக்கா: ஆமா... இந்த மட்டமான பல்ப என் தலையில கட்டினவன் எவன்?

தம்பி: ...நான்தான். மொத்தமா ஆறு வாங்கினேன்.

அக்கா: அடப்பாவி! மிச்சம் அஞ்சு எங்க?

தம்பி: என் பட்டறையில. போன வாரம் ஒரு பழைய மோட்டார்ல சிவப்பு வயரையும் காப்பிக்கலர் வயரையும் மாத்தி முறுக்கிப் புகைய விட்டுட்டேன். கண்ணு போச்சுன்னு நடுங்கிப்போய்... நாலு நாளா நான் வேலைக்கே போகலக்கா.