மரியதாசன் கம்பனியின் வளர்ச்சித் திட்டம்

இல்லைத் தம்பி, படிச்ச பிள்ளையளைக் குறை சொல்லேல்லை. உம்மட பையிலை கம்பஸ் முகாமைத்துவ பீடமெண்டு கிடந்தது, அதாலைதான் வாய் குடுத்தனான். நீரும் உப்பிடிக் கம்பனியளுக்குப் போறனீரோ? ஓம், அதுதான். எங்கட நெடுந்தீவுக்கும் வந்தவை, நாலு பிள்ளையள், லப்டொப்போடை. என்ரை கருவாட்டுக் கம்பனியை வளர்த்துத் தரப்போகினமாம்.

கம்பனியெண்டாப் பெரிசா நினையாதையும். ஒரு கொட்டில், பக்கெற் ஒட்டுற மெசின், வேலைக்கு ரெண்டு மூண்டு பொம்பிளையள். அதுக்கு அவை கேட்ட கேள்வியள் இருக்கே, அப்பப்பா. உங்கட வாடிக்கையாளர் ஆர் எண்டு கேட்டினம். கருவாடு தின்னுற சனம் எண்டன். அதையும் எழுதினவை.

சிரியாதையும், இன்னும் கிடக்கு. அதிலை றெக்ஷன் எண்டொரு பெடியன். ஞாயிற்றுக்கிழமையிலை உங்களுக்கு மீன் வாறேல்லை, அதுதான் தடங்கல், ஞாயிறும் தொழிலுக்குப் போகச் சொல்லுங்கோ எண்டான். எங்கட கரையிலை ஞாயிறு ஆர் கடலுக்கு இறங்கிறது? பூசை கண்டு, வீட்டிலை எல்லாருமா இருந்து சாப்பிடுற நாள். ஆர் சொன்னாலும் ஒருத்தரும் வலை தூக்கமாட்டினம். எனக்கு வந்த விசருக்கு, தேத்தண்ணியைக் குடியும் எண்டு சொல்லிப்போட்டு வெளியாலை போயிட்டன்.

என்ன? ஓமோம், மடத்துவெளி தாண்டிட்டுது. இந்த பஸ் உருட்டி உருட்டித்தான் போகும், நீர் இரும்.

கடைசியிலை என்னையும் பீடத்துக்குக் கூப்பிட்டுப் படம் போட்டுக் காட்டினவை. அதிலை ஒரு பெட்டை எழும்பி, தீவிலை இருக்கிற மட்டும் இந்தக் கம்பனி வளராது, படகை நம்பி யாவாரம் செய்ய ஏலாது, யாழ்ப்பாணத்துக்கு மாத்தவேணும் எண்டு வடிவாச் சொன்னாள். வாத்திமார் கை தட்டினவை. நானும் தட்டினனான். பிழை சொல்ல ஒண்டுமில்லை, அவ்வளவும் சரி. சரியா இருக்கிறதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வருது.

அந்தப் பெட்டை ஆரோ? துசாரா எண்டு பேர். என்ரை மகள்தான்.

தாய் செத்தாப்பிறகு அவள் வீட்டை வாறது குறைஞ்சுபோச்சு. படிப்பு எண்டுவாள், கடல் அடிக்குது எண்டுவாள். ஞாயிறிலை பூசை முடிஞ்சு வந்தால், ஒரு ஆளுக்கு உலை வைக்க மனம் வராது தம்பி. சரி, படிப்பைச் சொல்லித்தானே நிக்கிறாள், அந்தப் படிப்பையே ஊருக்குக் கூப்பிடுவம் எண்டு நான்தான் பீடத்துக்குப் போய்க் கேட்டனான். இல்லாட்டி, கம்பனி வளரேல்லையெண்டு இஞ்ச ஆர் அழுதது? வந்தவள், கொட்டிலைச் சுத்திப் பாத்திட்டு மற்றப் பிள்ளையளோடை பின்னேரப் படகிலையே போயிட்டாள். வீட்டுப் படியிலை கால் வைக்கேல்லை.

இப்ப கொக்குவிலிலை கட்டடமும் பாத்து வைச்சிருக்கிறாள். அதைப் பாக்கத்தான் போறன்.

இல்லைத் தம்பி, நீர் பிழையா விளங்கிட்டீர். அவள் கம்பனியைத்தான் வரச்சொன்னவள். அப்பா நீங்களும் வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.