தேயாத டயர்

காலை ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் பஸ். என் பின்சீட்டில் சுரங்கச் சீருடையில் இருவர்.

"நம்ம ஸ்போர்ட்ஸ் மாடல் காரு, நிறுத்துன எடத்துலயே டயரு நாலும் வெடிப்பு விட்டுடுச்சுங்க. எவ்ளோ வேகத்துலயும் ரோட்டக் கவ்விப் புடிக்கிற டயரா பாத்துகினு இருக்கேன்."

"நிக்கிற வண்டிக்கு அது எதுக்குங்க? சாதா டயரே போதுமே," என்றார் மற்றவர்.

கார்க்காரரின் குரல் இறங்கியது.

"எனக்கு ஓட்டவே பயங்க. மெயின் ரோட்டுக்கே எடுத்துகினு போனதில்ல. ஆனா நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக்ல, வேகமா ஓட்டித்தான் டயரு தேஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

என் பக்கத்தில் அதுவரை கண்மூடியிருந்தவர் பின்னால் திரும்பினார்.

"நான் ஒங்க எதிர்வூடுதாங்க. வண்டி நின்ன எடத்துலயே நிக்கிறது பிளாக்ல எல்லாருக்கும் தெரியும். சாதா டயரே போடுங்க."

அடுத்த ஸ்டாப்பில் கார்க்காரர் இறங்கிவிட்டார். அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸே கிடையாது.