தோட்டாவுக்குத் தோட்டா கையெழுத்து

இருங்க சார், அந்தப் பெட்டிய மொதல்ல கீழ வைங்க. கடைய அப்புறம் காலி பண்ணிக்கலாம். ஒண்ணு சொல்லப்போறேன், வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. ஆனா உடனே சொல்ல மாட்டேன். முன்கத தெரியலன்னா சிரிப்பு வராது.

சரி, நின்னுக்கிட்டே கேளுங்க.

எங்கம்மாவா? எதிர்ல ஐஸ்கிரீம் கடையிலதான். இந்நேரம் கத்திட்டிருக்கும், ரெட்டா எங்கடி போயித் தொலஞ்ச, பதினாறு வயசுல உன் நாக்குல ஒம்போது பேரு குடியிருக்காங்கடின்னு. அத விடுங்க.

நேத்து கூட்டத்துக்கு நானும் வந்தேன் சார். கடைசி வரிசை. தோட்டா விக்கிற சட்டத்தப் பத்தி நாம என்ன நெனைக்கிறோம்னு கேக்க மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோலேர்ந்து கோட்டு போட்ட அஞ்சு பேரு வந்திருந்தாங்கல்ல? மொதல்ல நம்ம பண்ணைக்கார வேர்ன் எந்திரிச்சாரு. இப்பிடி, இடுப்புல கை: ஏங்க, எங்க தாத்தன் வாசல்ல கரடி வந்து நின்னப்ப உங்களுக்கு ஃபோன் போட்டா அனுமதி கேட்டான்? அச்சு அசலா வேர்ன்தானே? அப்புறம் பள்ளிக்கூட நர்ஸம்மா, மூக்க உறிஞ்சிக்கிட்டு: சளி மாத்திரை வாங்கவே நான் அடையாள அட்ட காட்டுறேன் வேர்ன், தோட்டா வாங்கக் காட்டுனா உன் கை தேஞ்சிருமா?

சிரிங்களேன் சார். கொஞ்சமாவது.

ரெண்டு பக்கமும் கத்தி ஓஞ்சப்புறம் நீங்க எந்திரிச்சீங்க. எல்லாத் தலையும் உங்க பக்கம் திரும்புச்சு. இந்த ஊர்ல ரெண்டு பக்கமும் நம்புற ஒரே மனுசன் ஆஸ்ட்பி சார்தானே. சட்டம் இருக்கட்டும்னீங்க. பேரத் தட்டிப் பாத்தப்ப கம்ப்யூட்டர் இவனுக்குக் கூடாதுன்னதால நீங்க தோட்டா குடுக்காம அனுப்புனீங்களே ஒருத்தன, அவன் பொண்டாட்டி மறுநாள் வந்து உங்க கையப் புடிச்சு, என் உசுரு தப்புச்சுன்னு அழுததச் சொன்னீங்க. ஆனா வீடு மாறுன ஐவர்சன் அம்மா, பழைய விலாசம் பொருந்தலன்னு மூணு தடவ வெறுங்கையோட திரும்புனாங்க, அத மட்டும் சரி பண்ணுங்கன்னீங்க. அந்த அஞ்சு பேருல ஒருத்தரு குனிஞ்சு எழுதிக்கிட்டாரு. நான் பாத்தேன்.

அதோட உக்காந்திருக்கலாம் சார் நீங்க.

ஐயோ, குத்தம் சொல்லல. அடுத்து நீங்க பேச்செடுத்த அந்தப் புது விதியத்தான் சொல்றேன். வாங்குறவங்க ஒவ்வொரு தோட்டாவுலயும் கையெழுத்து போடணும்னு. புறா வேட்டை ஆரம்பிச்ச அன்னிக்குக் காலையில உங்க வாசல்ல எத்தன பேரு! ஆளுக்கொரு மார்க்கர் பேனா குடுத்தீங்க. வேர்ன் நாக்க வெளிய நீட்டிக்கிட்டு இருவத்தஞ்சு தோட்டாவுலயும் முழுப்பேரு எழுதுனாரு, நடுப்பேரு உட்பட. பாதிப் பேரு உங்களத் திட்டிட்டு இந்தச் சட்டமெல்லாம் இல்லாத பக்கத்து மாநிலம் நெவாடாவுக்கு வண்டியத் திருப்பிட்டாங்க. நான் எதிர்ல பெஞ்சுல உக்காந்து சிரிச்சதுல ஐஸ்கிரீம் மூக்குல ஏறிருச்சு.

இல்ல சார், நான் சொன்ன சிரிப்பு இது இல்ல. அது வருது.

அப்பிடி ஒரு விதியே கெடையாதேன்னாரு கோட்டுக்காரரு. நீங்க விடல. பிரென்டிஸ்னு ஒரு அம்மா அவரு ஆபீஸ்லேர்ந்துதான் ஃபோன் பண்ணிச் சொன்னாங்கன்னீங்க, வாயத் தொறக்கும்போதெல்லாம் ரெண்டு தடவ உச்சுக் கொட்டுவாங்கன்னு நீங்களே கொட்டிக் காமிச்சீங்க. ஹாலே சிரிச்சுச்சு. எழுதிக்கிட்டிருந்தவரு பேனாவ மூடிட்டாரு. ஆஸ்ட்பிக்கு மூள கலங்கிருச்சுடான்னாரு வேர்ன், உங்க காதுல விழுற மாதிரியே. நீங்க தொப்பிய எடுத்துக்கிட்டு, யாரையும் பாக்காம, சுவத்தோரமா நடந்து போனீங்க.

நேத்து நான் சிரிக்கல சார். ராத்திரி சோறு எறங்கல.

கடுதாசில அனுப்புங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல நீங்க? ம்ம். தெரியும். மாசத்துக்கொரு விதி மாறுது, ஒண்ணு தப்புனாலும் லைசென்ஸ் போயிரும். வேற கடைக்காரனா இருந்தா ஃபோன வச்சிட்டு மறந்திருப்பான். நீங்க உடனே பேனா வாங்க ஓடுனீங்க. நீங்க ஓடுவீங்கன்னு தெரிஞ்சுதான் உங்களுக்கு அந்த ஃபோனே வந்துச்சு.

யாருக்குத் தெரிஞ்சுன்னா? இருங்க, வரேன்.

வியாழக்கிழமை அந்தக் கோட்டுக்காரங்க மறுபடி கூடுறாங்க. அதுவரைக்கும் கடைய மூடாதீங்க சார். நீங்க வந்து முன்வரிசையில உக்காந்தாப் போதும். ஐவர்சன் அம்மா விஷயத்த அந்த ஆளு திரும்ப எழுதணும். பிரென்டிஸ நான் கூட்டிட்டு வரேன். மைக்குக்கு முன்னாடி, வேர்னுக்கு முன்னாடி, எங்கம்மாவுக்கு முன்னாடி நிக்க வைக்கிறேன். வருவா. வரமாட்டேன்னு அழுவா, ஆனா வருவா.

எனக்கு எப்பிடி அவளத் தெரியும்னா கேக்குறீங்க? அதான் சார் அந்தச் சிரிப்பு. சிரிக்க முடியலன்னா பரவால்ல. ஒரே ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கங்க.

ச்சு, ச்சு. ஆஸ்ட்பி தூண்டில் துப்பாக்கிக் கடைதானே? பிரென்டிஸ் பேசுறேன், மாநில ஆபீஸ்லேர்ந்து. ச்சு, ச்சு. ஒரு பேனா எடுத்துக்கறீங்களா, புது விதி ஒண்ணு...

ஐயோ.

அப்பவே சொன்னேன்ல சார், பெட்டிய கீழ வைங்கன்னு. குனியாதீங்க, செதறுன தோட்டா எல்லாத்தையும் நானே பொறுக்குறேன். அப்பிடிப் பாக்காதீங்க சார். திட்டுங்க.