இருவராகக் கேட்க வேண்டிய ஆல்பம்

அந்த ஆல்பம் முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை, மேடம். பக்கத்து அறையில் என் மகன் அதைப் போடும்போதெல்லாம் கரண்டியால் சுவரில் தட்டுவேன். "யாரையோ வெட்டற மாதிரி இருக்குடா, கொஞ்சம் குறைச்சு வை" என்று கத்துவேன். அவன் குறைக்க மாட்டான். அப்போது அவனுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். அவன் அப்பா போய்ச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பேசிக்கொள்ள விஷயம் இல்லாமல் இருந்தோம்.

ஒரு நாள் மதியம் அவனே வந்து என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினான்.

"ஒரே ஒரு பாட்டும்மா. பிடிக்கலைன்னா இனிமே போடவே மாட்டேன்."

நான் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்பவள். நாள் முழுவதும் படுக்கை விரிப்புகளைச் சுழற்றும் இயந்திரங்களுக்கு நடுவில் நிற்பவள். அந்த டிரம்ஸ்காரர் இரண்டு காலாலும் மாறி மாறி உதைக்கிற வேகம் எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஈரத்துணியைப் பிழியும்போது இயந்திரம் அப்படித்தான் ஓடும், காலுக்குக் கீழே தரை அதிரும். ஆனால் அதற்கு மேல் யாரும் பாடுவதில்லை. இங்கே ஒருவர் பாடினார். குரல் ஏறிக்கொண்டே போனது. இனி ஏற இடமில்லை என்று நான் நினைத்தபோது இன்னொரு படி ஏறியது. பிறகு நூறு பேர் சேர்ந்து அந்தக் குரலைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

"இந்த மாதிரிப் பாட்டுக்குப் பேரு பவர் மெட்டல்மா" என்றான்.

"பேரு என்னவா வேணா இருக்கட்டும். திரும்பப் போடு."

அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அவன் அப்பா இறந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை.

ஆல்பத்தின் பெயர் என் வாயில் நுழையாது. அட்டையில் பனி மூடிய மலை இருந்ததால் நாங்கள் 'பனிமலை' என்றே சொல்வோம். கதை என்று பார்த்தால், அவன் எனக்குச் சொன்ன வரையில், குழந்தைக் கதைதான். ஒரு மலையூரின் மணியை ஓர் அரக்கன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். மணி அடித்தால்தான் அங்கே பொழுது விடியும். கொல்லனின் மகள் சுத்தியலை எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறாள். பாட்டுகள் எல்லாம் அவள் ஏறுவதுதான். நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பவர்கள் நின்றுகொண்டு கேட்பவர்கள். அதைப் படுத்துக்கொண்டு கேட்க வேண்டும், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு. அந்த ஆல்பத்தில் யாருக்கும் வெட்கம் கிடையாது என்பான் அவன், மேடம். பயமாக இருந்தால் பயம் என்று முழுத்தொண்டையில் பாடுகிறார்கள். விட்டுப் போகாதே என்றால் அதையும் அப்படியே பாடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் முழுத்தொண்டையில் சொன்னதில்லை.

ஒரே ஒரு பாட்டுதான் எனக்கு ஒத்துவரவில்லை. நடுவில் மெதுவாக ஒன்று வரும், கிட்டார் மட்டும். பனிப்புயலில் அவளுக்கு அம்மா கூப்பிடும் குரல் கேட்கிறது. அவள் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அதைத்தான் ரொம்ப உயர்ந்த பாட்டு என்பான் என் மகன். திரும்பிப் பார்த்திருக்கலாம் என்பேன் நான். இதை வைத்தே நாங்கள் மதியம் முழுக்கச் சண்டை போடுவோம்.

பிறகு அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது தானாக வந்தது, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. உங்கள் ஆட்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். மாதக்கணக்கில் படுக்கை. நான் காலை வேலைக்கு மாற்றிக்கொண்டு மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அவன் கட்டிலில், நான் கீழே பாயில், பனிமலை ஓடும். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார், எங்கே கிட்டார் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும், எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. அந்த ஆல்பத்தைக் கரைத்துக் குடித்திருந்தோம். அவன் இளைத்துத் துரும்பாகத்தான் இருந்தான். ஆனாலும் என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை.

அவன் தேறினான். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான்.

தேறியவனுக்கு வேலை கிடைத்தது. கூடவே அந்தப் பெண்ணும் வந்தாள். நீச்சல் சொல்லிக்கொடுப்பவள், அகலமான தோள், எப்போதும் ஈரமான தலை, மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத பேச்சு. அவளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக ஒரு நாள் உட்கார்ந்து பனிமலையைக் கேட்டாள். பாதியில் மெதுவாகச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. எனக்கு எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. குதிரை ஓடிக்கிட்டே இருக்கு, போய்ச் சேரவே மாட்டேங்குது."

என் மகன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நானும் இதை எத்தனை நாள் கேட்டேன்னு நினைச்சா எனக்கே வெட்கமா இருக்கு" என்றான்.

அவள் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். அந்த ஆல்பத்தில் இல்லாத ஒரே விஷயம் வெட்கம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

கல்யாணம் முடிந்ததும் அவளுடைய ஊருக்கே குடிபோவதாக முடிவு செய்தார்கள். அங்கே அவனுக்கு இன்னும் நல்ல வேலையாம். பெரிய ஸ்பீக்கர்களை நண்பனுக்குக் கொடுக்கப் போனான். "இது இங்கேயே இருக்கட்டும்" என்று நான் குறுக்கே நின்றேன். தனியாகக் கேட்டுப் பார்த்தேன் மேடம், பழகிக்கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே முயன்றேன். பாட்டு அதேதான், சத்தம் அதேதான். ஆனால் எனக்குப் பிடித்த இடம் வரும்போது திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. உங்களுக்குப் பிடித்த ஒன்றை, அதை உங்களுக்குக் காட்டியவர் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். வீட்டுச் சுவர் எல்லாம் ஒவ்வொன்றாக நகர்ந்து கிட்டே வருவதுபோல் இருக்கும். 

அவனிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவை. முழுசா. முன்னாடி மாதிரி."

"சரிம்மா" என்று வந்தான். ஆனால் படுக்கவில்லை. கதவில் சாய்ந்து நின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது பாட்டிலேயே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

தூக்கம் வராமல் கஷ்டப்பட்ட எனக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். புது வீடு பார்க்க அவன் அவளுடைய ஊருக்குக் கிளம்ப வேண்டிய காலையில், அவனுடைய பாலில் அதைப் பொடித்துப் போட்டேன். தீங்கு செய்ய வேண்டும் என்ற எண்ணம் சத்தியமாக இல்லை. ரயிலை விட்டுவிட்டுத் தூங்கினான். மதியம் எழுந்தபோது தலை பாரமாக இருக்கிறது என்று மறுபடி படுத்தான். நான் கீழே பாயை விரித்துப் பனிமலையைப் போட்டேன். அவனுக்கு எழுந்து போகத் தெம்பில்லை. மெதுவான பாட்டு வந்தபோது கண்ணை மூடியபடியே, "நல்லாத்தான் இருக்கு, இல்லம்மா?" என்றான்.

என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நானும் நிறுத்த நினைத்ததுண்டு. ஆனால் அவன் தெளிவாக இருக்கும் நாட்களில் பெட்டி கட்டுவான். சோர்ந்த நாட்களில் என்னோடு இருப்பான். நான் என்ன செய்வது? கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தேன். புது வேலை கைநழுவிப் போனது. கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். அந்தப் பெண் அவனை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். ஈரல் பழைய காமாலையில் பலவீனப்பட்டிருக்கும், நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்றார் அவர். கீழ் வீட்டு அக்கா படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்வார். "உங்களை மாதிரி ஒரு அம்மா கிடைக்க அவன் குடுத்து வச்சிருக்கணும்" என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்தப் பெண் முட்டாள் இல்லை. ஒரு நாள் என்னைக் கேட்காமலேயே ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும் ஆன்ட்டி, உங்களுக்கும் ஓய்வு" என்று அவனை அழைத்துப் போய்விட்டாள்.

அந்த நாட்களைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. ஆல்பத்தைப் போட்டால் அது எனக்கு வெறும் இரைச்சலாகக் கேட்டது. முதல் முதலில் சுவர் வழியாகக் கேட்ட இரைச்சல். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்தேன். அதுதான் என்னுடைய கடைசிச் சொத்து மேடம், அதுவும் என் காதிலேயே செத்துக்கொண்டிருந்தது.

பிறகு அவன் வந்தான், மிச்சத் துணிகளை எடுத்துக்கொண்டு போக. கன்னத்தில் சதை வைத்திருந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பால் கொடுத்தேன். தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு உடனே குடிக்காமல் என்னைப் பார்த்தான்.

"இதுல என்னம்மா போடறே?"

"சர்க்கரைதான்டா."

"உண்மையைச் சொல்லும்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவகிட்டகூட. நீ சொன்னா போதும், சேர்ந்து ஒரு டாக்டர்கிட்ட காட்டிக்கலாம். நான் உன்னை விட்டுட மாட்டேன்."

"சர்க்கரைதான்" என்றேன் மறுபடியும். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "உனக்கு என் மேல நம்பிக்கை இல்லைன்னா கொட்டிடு."

அவன் சின்ன வயதிலிருந்தே நான் அழுதால் தாங்க மாட்டான். தம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குடித்துவிட்டான். ஆகவே அவன் தெரிந்துதான் குடித்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறந்து ஊற்றவில்லை.

அன்றைக்கு மிச்சம் இருந்த மாத்திரைகள் எல்லாவற்றையும் போட்டிருந்தேன். இதைத்தானே காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போட்டேன். இனி அவன் போகவே கூடாது என்றுதான் போட்டேன். வெளியே இருந்து யாரும் வந்து தொந்தரவு செய்யக்கூடாதென்று அறைக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவனுடைய போனையும் நான்தான் எடுத்து வைத்தேன். அவன் பழையபடி கட்டிலில், நான் பாயில். சத்தத்தை முழுதாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பாழாய்ப்போன இரைச்சல் எல்லாம் போய், ஆல்பம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. டிரம்ஸ் தரை வழியாக முதுகில் ஏறியது. மணியை மீட்டுக்கொண்டு அவள் இறங்கி வரும் கடைசிப் பாட்டு வரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை. அவன் போனை எடுக்கவில்லை என்று அந்தப் பெண் ஆட்களைக் கூட்டிவந்து கதவை உடைத்தபோதுதான் திறந்தேன். அவன் கட்டிலில் இல்லை, கதவோரமாக விழுந்து கிடந்தான்.

கீழ் வீட்டு அக்கா உங்களிடம் என்னவோ சொல்லியிருக்கிறாராம். பாட்டுச் சத்தத்தையும் மீறி அவன் கதவை அடித்து "அம்மா, அம்மா" என்று ரொம்ப நேரம் கத்தியது அவருக்குக் கேட்டதாம். நல்ல மனுஷி, பொய் சொல்பவர் இல்லை. ஆனால் அவருக்கு இந்த மாதிரிப் பாட்டெல்லாம் பழக்கமில்லை மேடம். அவன் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தான்.