பின் சீட்டுக் கால்கள்

மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூதான் நான் போடுவேன். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்குப் பாதி வேலை பாதத்தில் இருக்கிறது. இங்கே லாக்கப்புக்குள் வரும்போது அந்த ஷூவைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அதில் மட்டும் எனக்கு வருத்தம், ஐயா.

என் தங்கையின் கணவர், அதாவது மாப்பிள்ளை, வெறுங்காலோடு ஓட்டுவார். வியர்த்த கால். அவர் இறங்கிப் போன பிறகும் பெடலில் விரல் தடம் பிசுபிசுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைப்பேன், அப்படியும் குமட்டும். சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவாமல் அதே கையால் என் தங்கையின் கன்னத்தைக் கிள்ளுவார். அவளோ வாயெல்லாம் பல்லாக நிற்பாள். போகப் போக அவளையும் பார்க்கப் பிடிக்காமல் போயிற்று.

மூக்குக்குக் கீழே சக்கரம் உள்ள விமானம் அவருக்குப் பழக்கம். தரை தொட்டதும் அது தானே நேராக ஓடும். என்னுடையது வாலில் சக்கரம் உள்ள சின்ன விமானம்; அதை ஓட்டப் பழகத்தான் என்னிடம் வந்தார். இதில் தரை தொட்ட பிறகுதான் வேலையே. கொஞ்சம் அசந்தால் வால் முன்னால் சுழன்று வந்துவிடும். முழுதாக நிற்கும்வரை, திசை திருப்பும் பெடல்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை, பழைய பழக்கத்தில், தரை தொட்டதுமே காலை எடுத்துவிட்டார். நான் உட்காரும் பின் சீட்டிலும் பெடல் உண்டு; முன்னதும் பின்னதும் சேர்ந்தே அசையும். நான் மிதித்து நேராக்கினேன். காலை வைத்திருந்தால் பெடல் அசைவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"எப்படி மச்சான்?" என்று திரும்பினார்.

"பிரமாதம் மாப்பிள்ளை. நீங்க பிறவிப் பைலட்."

திட்டியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பார். அதனால்தான் திட்டவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் முன்னால் அவர் மார்தட்டிக்கொண்டார், பின்னால் என் கால்கள் ஓட்டின. கடைசியில், இனி நான் கூட வர வேண்டியதில்லை என்று நானே அனுமதி கொடுத்தேன்.

பக்கவாட்டில் காற்று பலமாக அடித்த ஒரு நாளில் அவரைக் கிளம்பச் சொன்னேன். இறக்கை நுனி உரசி அவர் அவமானப்பட்டால் போதும் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லலாம். சொன்னால் பொய். ரன்வே ஓரத்துக் கான்கிரீட் கால்வாய் எனக்குத் தெரியாததல்ல.

எதிர்பாராமல் தங்கையும் வந்து நின்றாள். "நானும் ஒரு ரவுண்டு போயிட்டு வரேண்ணா. பயமில்லையே?"

யோசிக்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். யோசித்தேன். அந்த நேரம் பார்த்து அவர் அவள் முந்தானையில் கையைத் துடைத்தார். அவள் அதற்கும் சிரித்தாள்.

"அவர் பிளேனை இறக்குறப்ப எத்தனையோ தடவை கூடவே இருந்திருக்கேன். போயிட்டு வாம்மா," என்றேன்.

அழகாகத்தான் தரை தொட்டார். பிறகு வால் விலகியது. மிதிக்க ஆளில்லை. விமானம் பம்பரமாகச் சுழன்று கால்வாயில் கவிழ்ந்தது. மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். அவள் பிழைக்கவில்லை. அவர் சளி ஒழுக என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தச் சட்டையை எரித்துவிட்டேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை நானே இறுக்கினேன். பெடல் பக்கம் காலைக் கொண்டு போகாதே என்று இரண்டு முறை சொன்னேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதும் கறார்.